பிள்ளையின் கதவையும் தட்டுங்கள்!

அடுத்த வீட்டுக்குச் செல்கிறோம். வாசலில் நின்று ஸலாம் உரைக்கிறோம். உள்ளிருந்து பதில் வரும்வரை காத்திருக்கிறோம். பதில் வரவில்லையெனில் மனத்தாங்கல் ஏதுமின்றித் திரும்பி விடுகிறோம். திருமறையின் 24ஆம் அத்தியாயத்தில் 27, 28ஆம் வசனங்கள் கற்றுத் தந்த இந்த நற்பண்பை நம்மில் பெரும்பாலோர் பேணியே வருகிறோம்.

ஆனால், நம் சொந்த வீட்டுக்குள் என்ன செய்கிறோம்? பதினைந்து வயது மகன் இருக்கும் அறையின் கதவு சாத்தியிருந்தால் ஒரே தள்ளு! "பட்டப்பகலில் எதற்குக் கதவைச் சாத்துகிறாய்?" என்ற அதட்டல் நமக்கு முன்பாகவே உள்ளே நுழைந்து விடுகிறது. மகள் பள்ளி சென்ற நேரத்தில் அவளுடைய பெட்டியைத் திறந்து குறிப்பேட்டைப் புரட்டுகிறோம். அதில் கண்டதை மாமியிடமும் சின்னம்மாவிடமும் சொல்லிச் சிரிக்கிறோம். அல்லது சொல்லி அழுகிறோம். மாலையில் வீடு திரும்பும் அந்தப் பெண்பிள்ளை, தன் நெஞ்சிலிருந்தது ஊர்ப்பேச்சாகி விட்டதை எல்லோர் கண்களிலும் படித்துக் கொள்கிறாள்.

"பெற்ற பிள்ளையிடம் எங்களுக்கு என்ன மறைவு?" என்று கேட்பவர்கள் இவர்கள். இவர்களுக்கு நேர் எதிர்முனையில் வேறு சிலர் இருக்கின்றனர். வாப்பா வளைகுடா நாட்டில் உழைக்கிறார். பிரிவின் ஏக்கத்தைப் பொருளால் ஈடு செய்ய எண்ணி மகனுக்கு விலையுயர்ந்த கைப்பேசியும் தனியறையும் வாங்கித் தருகிறார். இரவு இரண்டு மணிக்கு அந்த அறையில் விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்க அங்கே எவரும் இல்லை. "பிள்ளை வளர்ந்து விட்டான், அவனுக்கென்று ஒரு சுதந்திரம் வேண்டாமா?" என்று இவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு சாரார் எல்லாக் கதவுகளையும் உடைக்கிறார்கள். மறு சாரார் எந்தக் கதவையும் தட்டுவதே இல்லை. மார்க்கம் இவ்விரண்டையும் கற்றுத் தரவில்லை. பருவ வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் எவ்வளவு மறைவு தர வேண்டும் என்ற வினாவுக்கு நம்மிடம் தெளிவான விடை இருக்கிறது. அதைத்தான் நாம் மறந்து போனோம்.

சொல்லில் தொடங்கும் சிக்கல்

இதற்கு வழங்கும் சொற்களே நம்மை இடர்ப்படுத்துகின்றன. 'அந்தரங்கம்' என்றால் ஏதோ ஒரு குற்றத்தின் நிழல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. 'தனிமை' என்றால் துணையற்றவரின் துயரம் நினைவுக்கு வருகிறது. அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்ட 'தனியுரிமை' என்னும் சொல் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறதே தவிர, இன்னும் நம் அடுப்படிக்கு வந்து சேரவில்லை.

அறபு மொழியின் ஒரு சொல்லோ நமக்கெல்லாம் பழக்கமானது. அதுதான் 'அவ்ரத்'. தொழுகையில் மறைக்க வேண்டிய உடற்பகுதி அவ்ரத் எனச் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். மறைத்துப் பேண வேண்டியது என்பது இதன் கருத்து. அதில் குற்றமோ இழிவோ இல்லை, கண்ணியமே இருக்கிறது. உடலுக்கு அவ்ரத் இருப்பது போலவே நேரத்துக்கும் அவ்ரத் உண்டு என்று திருமறை கூறுவதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

மூன்று நேரங்கள்

அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தைக் கவனியுங்கள். சுப்ஹுத் தொழுகைக்கு முன், நண்பகலில் மேலாடைகளைக் களைந்து ஓய்வெடுக்கும் வேளை, இஷாத் தொழுகைக்குப் பின் என்னும் மூன்று நேரங்களை இறைவன் குறிப்பிடுகின்றான். பருவமடையாத சிறு பிள்ளைகளும் வீட்டுப் பணியாளர்களும்கூட இந்த நேரங்களில் அனுமதி கேட்டே பெரியவர்களிடம் வர வேண்டும் என்கின்றான். இம்மூன்றையும் மூன்று அவ்ரத்துகள் என்றே பெயரிடுகின்றான். மற்ற நேரங்களில் சிறியவர்கள் தடையின்றி வந்து போகலாம். அடுத்த வசனமோ, அப்பிள்ளைகள் பருவமடைந்து விட்டால் பெரியவர்களைப் போலவே எப்போதும் அனுமதி கேட்டு வர வேண்டும் என்று விதிக்கிறது.

இவ்விரு வசனங்களும் பிள்ளைகளை நோக்கியே அனுமதி கேட்கச் சொல்கின்றன. பெற்றோருக்கு இதில் என்ன கட்டளை இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நபித்தோழர்கள் இதை எவ்வாறு விளங்கி நடந்தார்கள் என்பதைப் பார்த்தால் விடை கிடைத்து விடும்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் 'அல்அதபுல் முஃப்ரத்' என்னும் நூலில் தாயிடம் செல்ல அனுமதி கேட்பது, தந்தையிடம் செல்ல அனுமதி கேட்பது, சகோதரியிடம் செல்ல அனுமதி கேட்பது எனத் தனித்தனித் தலைப்புகளை அமைத்திருக்கிறார்கள். அங்கே ஜாபிர் (ரலி) அவர்களின் கூற்று ஒன்று பதிவாகியுள்ளது. ஒரு மனிதர் அனுமதி கேட்டுச் செல்ல வேண்டியவர்களை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். பிள்ளை, முதியவளேயானாலும் தாய், சகோதரன், சகோதரி, தந்தை என்று அந்த வரிசை செல்கிறது. வரிசையின் தொடக்கத்தில் யார் இருக்கிறார்? பிள்ளை! தந்தையும் தன் பிள்ளையிடம் அனுமதி கேட்டே செல்ல வேண்டும் என்பதுதானே இதன் பொருள்?

அதே நூலில் இப்னு உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியும் வருகிறது. தம் பிள்ளைகளில் ஒருவர் பருவமடைந்து விட்டால் அவருக்குத் தனியிடம் ஒதுக்கி விடுவார்களாம். அதன்பின் அனுமதியின்றி உள்ளே நுழைதல் இல்லை. தல்ஹா (ரலி) அவர்களின் மகன் மூஸா, தாயார் இருந்த அறைக்குள் தந்தையைப் பின்தொடர்ந்து நுழைந்தபோது, தந்தை அவருடைய நெஞ்சில் கை வைத்துத் தடுத்து, அனுமதியின்றி நுழைகிறாயா என்று கேட்டதும் அங்கேயே பதிவாகியுள்ளது.

தாயிடம் செல்லவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். தாம் தாயுடன் ஒரே வீட்டில் இருப்பதாகவும், தாமே அவருக்குப் பணிவிடை செய்பவர் என்றும் அவர் எடுத்துரைத்தார். ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள் விதியைத் தளர்த்தவில்லை. ஆடையற்ற நிலையில் தாயைக் காண விரும்புவாயா என்று திருப்பிக் கேட்டு அவருக்கு உணர்த்தினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. உறவின் நெருக்கம் மறைவின் தேவையை நீக்கி விடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அனஸ் (ரலி) அவர்களின் தாய்

அறைக்கும் கதவுக்கும் உள்ள மறைவை ஒப்புக்கொள்ளும் பெற்றோர்கூட, பிள்ளையின் மனத்துக்கு ஒரு மறைவு உண்டு என்பதை ஏற்கத் தயங்குகிறார்கள். "என்னிடம் சொல்லாத செய்தியும் உனக்கு உண்டா?" என்பது நம் தாய்மார்களின் வழக்கமான கேள்வி.

உம்மு ஸுலைம் (ரலி) அவர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது மகன் அனஸுக்கு வயது பத்து. அந்தப் பிள்ளையை நாயகத்தின் பணிக்கென ஒப்படைத்தவர் இந்தத் தாய். ஒரு நாள் அனஸ் (ரலி) சிறுவர்களுடன் விளையாடிக் கொண்டிருந்தபோது, நபியவர்கள் அங்கே வந்து ஸலாம் கூறி, அவரை ஓர் அலுவலாக அனுப்பி வைத்தார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாய் காரணம் கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார் மகன். என்ன வேலை என்று தாய் கேட்டார். அது இரகசியம் என்றார் அந்தச் சிறுவர்.

நம் வீடாக இருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாயோ, நபியவர்களின் இரகசியத்தை எவரிடமும் சொல்லி விடாதே என்று மகனுக்கு அறிவுறுத்தினார். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. பல்லாண்டுகளுக்குப் பின் இந்நிகழ்ச்சியைத் தம் மாணவர் ஸாபித்திடம் விவரித்தபோதும் அனஸ் (ரலி) அவர்கள் அந்த இரகசியத்தை வெளியிடவில்லை. எவரிடமாவது சொல்வதாக இருந்தால் உம்மிடம் சொல்லியிருப்பேன் என்று மட்டுமே கூறினார்கள்.

அந்தத் தாய் அறியாமல் விட்டது ஒரு செய்தியைத்தான். அவர் வளர்த்தெடுத்ததோ வாழ்நாள் முழுவதும் அமானிதம் காத்த ஒரு மனிதரை! பிள்ளை யாருடன் சென்றது, எங்கே சென்றது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிய வேண்டியது அவ்வளவே என்று அவர் நின்று கொண்டார். கேட்க வேண்டியதைக் கேட்டு, நிற்க வேண்டிய இடத்தில் நின்ற அந்த அளவுதான் நாம் தேடும் அளவுகோல்.

மேய்ப்பும் துப்பறிதலும்

நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், நம் பொறுப்பில் உள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படுவோம் என்னும் நபிமொழியைப் பெற்றோர் நன்கு அறிவர். அதில் மேய்ப்பரின் உவமை வருகிறது. மேய்ப்பர் என்ன செய்கிறார்? பகல் வெளிச்சத்தில், ஆடுகளின் கண்முன் நிற்கிறார். எல்லை எது என்று காட்டுகிறார். ஓநாய் வரும் திசையைக் கவனிக்கிறார். ஆட்டுக்குத் தெரியாமல் புதரில் ஒளிந்திருந்து அதை வேவு பார்ப்பது மேய்ப்பரின் வேலையன்று.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் மூன்று தீமைகளை அடுத்தடுத்துத் தடுக்கிறது. முதலில் ஆதாரமற்ற சந்தேகம். அடுத்து துருவி ஆராய்தல். அதன்பின் புறம் பேசுதல். இந்த வரிசையை நம் வீடுகளில் அன்றாடம் காணலாம். மகள் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசினாள் என்பது சந்தேகம். அவள் உறங்கியபின் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பது துருவுதல். கண்டதைக் குடும்பத்தாரிடம் சொல்வது புறம். ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது.

மக்களின் மறைவான குறைகளைத் தேடிச் செல்வது அவர்களைச் சீரழித்து விடும், அல்லது சீரழிவின் விளிம்பில் கொண்டு நிறுத்தும் என்று நபியவர்கள் எச்சரித்ததாக முஆவியா (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. இந்த ஒரு மொழியால் இறைவன் முஆவியாவுக்குப் பயனளித்தான் என்றார்கள் அபுத்தர்தா (ரலி). நாட்டை ஆள்வோருக்குப் பொருந்தும் இந்த எச்சரிக்கை வீட்டை ஆள்வோருக்கும் பொருந்தாதா? ஓயாமல் வேவு பார்க்கப்படும் பிள்ளை நல்லொழுக்கத்தைக் கற்பதில்லை. அகப்படாமல் இருக்கும் வித்தையைத்தான் கற்கிறது. ஒரு கடவுச்சொல் போனால் இன்னொன்று, ஒரு கணக்கு மூடினால் வேறொரு பெயரில் மற்றொன்று என்று அது தேர்ந்து விடுகிறது.

கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்கத்தான் வேண்டும். இறுதி ஹஜ்ஜின்போது நாயகத்தின் பின்னால் ஒட்டகத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஃபள்லு (ரலி), மார்க்கச் சட்டம் கேட்க வந்த ஒரு பெண்ணை நோக்கலானார். நபியவர்கள் அவருடைய முகத்தைத் தம் கையால் மறுபுறம் திருப்பி விட்டார்கள். கூட்டத்தின் நடுவே அவரை நாணச் செய்யவில்லை. காணாதது போல் விட்டுவிடவும் இல்லை. இதுவே கண்காணிப்பின் இலக்கணம்.

தொழுகையைப் பறிக்கும் வெட்கம்

மறைவு என்பது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று எண்ணி விடாதீர்கள். அது கிடைக்காததால் மார்க்கக் கடமையே தவறிப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

மதரஸாவில் ஓதி வந்த மாணவர் ஒருவர். இஷா ஜமாஅத்தில் தவறாமல் நிற்பார்; சுப்ஹில் சில நாட்கள் மட்டும் காணப்பட மாட்டார். தந்தை அவரைப் பலர் முன்னிலையில் சோம்பேறி என்று ஏசுவார். தனியே அழைத்துப் பரிவுடன் கேட்டபோது, நெடுநேரத் தயக்கத்துக்குப் பின் உண்மை வெளிவந்தது. அவர்கள் வீட்டில் குளியலறை கொல்லைப்புறத்தில் இருந்தது. பாட்டியும் தங்கைகளும் படுத்திருக்கும் கூடத்தைக் கடந்துதான் அங்கே செல்ல வேண்டும். குளிப்புக் கடமையான நாட்களில் விடியுமுன் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டால், "இந்நேரத்தில் உனக்கென்ன குளிப்பு?" என்று மறுநாள் முழுவதும் கேள்வியும் கேலியும். அந்த வெட்கம்தான் சுப்ஹைப் பறித்தது.

அந்த வீட்டுக்குத் தனி அறையோ புதுக் குளியலறையோ தேவைப்படவில்லை. யார் எப்போது குளித்தாலும் எவரும் எதுவும் கேட்கக் கூடாது என்று தந்தை ஒரு விதி செய்தார். அவ்வளவுதான்! பிள்ளை சுப்ஹுக்கு வரத் தொடங்கி விட்டார்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. ரமலானில் மாதவிடாய் நேர்ந்தால் நோன்பு இல்லை. பின்னர் களாச் செய்ய வேண்டும். இது இறைவன் அளித்த சலுகை. ஆனால் நம் வீடுகளில் அந்தப் பெண், தம்பிக்கும் சிற்றப்பாவுக்கும் பயந்து அடுப்படி மூலையில் ஒளிந்து இரண்டு வாய் உண்கிறாள்; அல்லது நாள் முழுவதும் பட்டினி கிடக்கிறாள். "நீ ஏன் ஸஹருக்கு எழவில்லை?" என்று வீடே கேட்கிறது. ஆண்பிள்ளைகள் இத்தகைய கேள்விகளைக் கேட்கக் கூடாது என்று கற்பிப்பது தாய் தந்தையரின் கடமை. மகள் பருவமடைந்த செய்தியையும், அவளுடைய மாதக் கணக்கையும் உறவினர் கூட்டத்தில் பேசுவதைத் தாய்மார்கள் நிறுத்திக் கொள்ள வேண்டும்.

இடமில்லாத வீட்டில் நேரத்தைக் கொடுங்கள்

"ஒற்றை அறையில் ஆறு பேர் வாழ்கிறோம். இதில் மறைவுக்கு எங்கே போவது?" என்று பலர் கேட்பது காதில் விழுகிறது.

திருமறை வசனத்துக்கே மீண்டும் வாருங்கள். இறைவன் அங்கே மூன்று அறைகளைப் பற்றிக் கூறவில்லை. மூன்று நேரங்களைப் பற்றியே கூறுகின்றான். மதீனாவின் வீடுகள் மாளிகைகள் அல்ல. நபியவர்களின் துணைவியர் வாழ்ந்த சிற்றறைகளின் கூரையைக் கையால் தொட முடிந்ததாக ஹஸன் பஸரி (ரஹ்) கூறியுள்ளார்கள். வாசலில் திரை தொங்கிய அத்தகைய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கே இந்தச் சட்டம் அருளப்பட்டது. ஆகவே, இடம் இல்லாவிட்டாலும் நேரத்தால் மறைவு அளிக்கலாம்.

மகள் உடை மாற்றும் பத்து நிமிடம் ஆண்கள் திண்ணையில் இருக்கலாம். ஒரு கயிற்றில் ஒரு பழைய சேலை திரையாகி விடும். பீரோவில் ஒரு தட்டு, அல்லது சாவியுடன் ஒரு தகரப் பெட்டி அவளுக்கென்று இருக்கட்டும். அதை நாம் திறப்பதில்லை என்ற உறுதியும் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பத்து வயதானால் படுக்கைகளைப் பிரித்து விடுங்கள் என்பது அபூதாவூதில் பதிவான நபிமொழி. தனிக் கட்டில் இல்லாதவரும் தனிப் பாய் விரிக்கலாம் அல்லவா?

காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் பெண்கள் நடமாடுவதற்கென்றே 'முடுக்கு' எனப்படும் குறுகிய சந்துகளை விட்டு வீடுகளைக் கட்டினார்கள் நம் முன்னோர். ஓர் அங்குல மனைக்கும் வழக்காடும் மனிதர்கள், கண்ணியத்தை எண்ணித் தம் நிலத்தை விட்டுக் கொடுத்தார்கள். தெருவில் போகிற பெண்ணுக்கு வழி விட்ட சமுதாயம், வீட்டுக்குள் வளரும் பெண்ணுக்கு ஒரு பெட்டியை விட்டுக் கொடுக்க முடியாதா?

கைப்பேசி என்னும் கதவு

இக்காலத்தில் மிகப் பெரிய கதவு பிள்ளையின் உள்ளங்கையில் இருக்கிறது. அறைக் கதவு வீட்டுக்குள் திறக்கும்; இந்தக் கதவோ உலகத்தை நோக்கித் திறக்கிறது. எனவே குறிப்பேட்டுக்கு உரிய விதியை அப்படியே கைப்பேசிக்கும் பொருத்த இயலாது. 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைப் பிள்ளையென்றே கொள்கிறது. அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பொறுப்பு பெற்றோருடையது என்பதில் ஐயமில்லை.

அந்தப் பொறுப்பை வெளிப்படையாக நிறைவேற்றுங்கள் என்பதே நமது வேண்டுகோள். கைப்பேசியை வாங்கித் தரும் நாளிலேயே விதிகளைப் பேசி விடுங்கள். இரவு பத்து மணிக்குமேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கும். வாப்பாவின் கைப்பேசியும் அங்கேதான் இருக்கும். புதிய செயலி எதையும் கேட்டே சேர்க்க வேண்டும். முன்பின் அறியாதவர்களுடன் உரையாடலும் படப் பரிமாற்றமும் கூடாது. தேவை ஏற்பட்டால் பிள்ளையை அருகில் வைத்துக் கொண்டே பார்ப்போம். திருட்டுத்தனமாகப் பார்க்க மாட்டோம். தோழியருடன் நடக்கும் சாதாரணப் பேச்சை வரி வரியாகப் படிக்க மாட்டோம். இப்படிச் சொல்லி வைத்த விதி மேய்ப்பரின் வேலி. சொல்லாமல் கைப்பேசியில் ஒளித்து வைக்கும் வேவுச் செயலியோ வேட்டைக்காரரின் கண்ணி.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் தெரியுமா? ஒரு பெண்பிள்ளையின் நிழற்படத்தைத் திரித்து வைத்துக் கொண்டு ஒருவன் மிரட்டுகிறான் என்று வைத்துக் கொள்வோம். அவளுக்குத் தேவைப்படுவது, சொன்னால் காப்பாற்றும் ஒரு தாய். ஆனால் அவளுடைய நினைவில் நிற்பதோ, முன்பு குறிப்பேட்டைப் படித்து ஊருக்குச் சொன்ன தாய். அவள் வாய் திறப்பாளா? மிரட்டுபவனின் முழு பலமும் அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. அவனை வீழ்த்த, "உம்மாவிடம் சொல்லி விட்டேன்" என்ற சொல்லே முதல் ஆயுதம். பிள்ளையின் மறைவைப் பேணிய பெற்றோரிடம்தான் அந்த ஆயுதம் இருக்கும்.

அப்படி ஒரு பிள்ளை சொல்ல வந்தால், முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். விபசாரத்துக்கே அனுமதி கேட்டு வந்த இளைஞரை மற்றவர்கள் அதட்டியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அருகில் அமர்த்தி, உன் தாய்க்கு, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிய வைத்து, அவர் மீது கை வைத்துத் துஆச் செய்தார்கள். முஸ்னது அஹ்மதில் உள்ள செய்தி இது. அந்த இளைஞர் வாய் திறந்து கேட்கும் துணிவைப் பெற்றிருந்ததால் அல்லவா திருந்தும் வழியும் திறந்தது? மிரட்டல் நேர்ந்தால் காவல் துறையை அணுகத் தயங்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930 ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண், பெண் இருபாலாரான பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது.

எப்போது பூட்டைத் திறக்கலாம்?

மறைவு என்பது எல்லையற்ற உரிமை அன்று. உயிருக்கோ மானத்துக்கோ கேடு வருமெனத் தெளிவான அறிகுறி தெரிந்தால் தலையிடுவது பெற்றோரின் கடமை. உணவும் உறக்கமும் குன்றுதல், போதைப் பொருளின் தடயம், காரணம் தெரியாத பணம், உடலில் காயம், வாழ்வை வெறுத்த பேச்சு ஆகியவை வெறும் சந்தேகங்கள் அல்ல, அறிகுறிகள். அப்போதும் நான்கு ஒழுங்குகளைப் பேணுங்கள். முதலில் பிள்ளையிடமே கேளுங்கள். பார்க்க வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுப் பாருங்கள். காரணமான ஒன்றை மட்டும் பாருங்கள், கிடைத்ததையெல்லாம் துருவாதீர்கள். கண்டதைத் தீர்வுக்கு உதவக் கூடியவர் தவிர வேறெவரிடமும் சொல்லாதீர்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் இறைவன் மறைக்கின்றான் என்னும் நற்செய்தியில் நம் பிள்ளையும் அடங்கும் அல்லவா?

வயதுக்குத் தக்க படிகளும் உண்டு. ஏழு வயதில் தொழுகைப் பழக்கத்துடன் கதவு தட்டும் பழக்கமும் தொடங்கட்டும். பத்தில் படுக்கை பிரியட்டும். பருவம் எய்தியதும் பெற்றோரும் தட்டத் தொடங்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அறிகுறிகள் தோன்றாவிட்டாலும் 15 பிறை ஆண்டுகள் நிறைந்தவர் பருவமடைந்தவரே. இறைவனின் கட்டளைகளுக்குத் தாமே பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிட்ட ஒருவரைச் சிறு குழந்தையாக நடத்துவது முரண் அல்லவா? நம்பிக்கை காக்கப்பட்டால் எல்லையை ஒரு படி விரியுங்கள். முறிக்கப்பட்டால், காரணம் சொல்லி ஒரு படி குறையுங்கள்.

இளையோருக்கு ஒரு சொல்

அன்பு மகனே, மகளே! உங்களுக்கு அளிக்கப்படும் மறைவு ஓர் அமானிதம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தார்கள். அதனால் பெற்றோர் கேள்வி கேட்கும் கடமையிலிருந்து நீங்கி விட்டார்கள் என்று எண்ண வேண்டாம். எங்கே செல்கிறேன், யாருடன் செல்கிறேன், எப்போது திரும்புவேன் என்று நீங்களாகச் சொல்லிப் பழகுங்கள். அனஸ் (ரலி) அவர்களும் யார் அனுப்பினார்கள் என்பதைத் தாயிடம் மறைக்கவில்லை. நீங்களாகச் சொல்லும் அளவுக்கு உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கும் எண்ணம் பெற்றோருக்குக் குறையும்.

பெற்றோரே! எகிப்தில் ஒரு மாளிகையின் கதவுகள் பூட்டப்பட்டபோது யூசுஃப் (அலை) அவர்கள் உள்ளே இருந்தார்கள். தந்தை யஃகூப் (அலை) அவர்களோ தொலைதூரத்தில் கன்ஆனில் இருந்தார்கள். தந்தையின் கண் எட்டாத அந்த இடத்தில் மகனைக் காத்தது இறைவனைப் பற்றிய உணர்வே. லுக்மான் (அலை) அவர்களும் தம் மகனுக்கு அதைத்தான் ஊட்டினார்கள். கடுகளவு செயல் பாறைக்குள் இருந்தாலும் இறைவன் அதை வெளிக்கொணர்வான் என்றார்கள். நான் உன்னைக் கவனித்துக் கொண்டே இருப்பேன் என்று கூறவில்லை.

நம் பார்வை கதவு வரைதான் செல்லும். கதவுக்கு அப்பால் செல்ல வேண்டியது இறையச்சம். அதைப் பிள்ளையின் நெஞ்சில் விதைப்பது நம் பணி. கதவைத் தட்டிக் காத்திருப்பது நம் பண்பு. இன்று மாலை மகனின் அறை சாத்தியிருந்தால், ஸலாம் சொல்லிக் கதவைத் தட்டிப் பாருங்கள். உள்ளிருந்து வரும் "வாங்க வாப்பா" என்ற அழைப்பில் எத்தனை மகிழ்ச்சி இருக்கிறது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

நம் பிள்ளைகளின் கண்ணியத்தை நாம் காக்கவும், நம் கண்ணியத்தை அவர்கள் காக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.